பழைய வேனுக்குள் வீடு: கோளாறு தெரியும் இடமும் பிறக்கும் இடமும்

நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு வேனுக்குள் கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாவற்றையும் நம் கையாலேயே செய்து பொருத்தியாயிற்று. முதல் பயணம் அருமையாகப் போகும். மூன்றாவது, நான்காவது பயணத்தில்தான் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும்: ஒரு மூலையில் ஈரம், எங்கிருந்தோ ஒரு சத்தம், நள்ளிரவில் நின்றுபோகிற ஃபிரிட்ஜ். அப்படி ஒரு நாளில் எடுத்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

பழைய வண்டியில் கோளாறு தெரியும் இடமும் அது பிறந்த இடமும் பெரும்பாலும் வேறு வேறு. கூரையோரம் நுழைந்த தண்ணீர் கதவடியில் வந்து நிற்கும். பின்சக்கரத்துக்கு மேல் தளர்ந்த போல்ட்டின் சத்தம் ஓட்டுபவர் காதருகே கேட்கும். ஆகவே பலகையைக் கழற்றிப் பார்க்க வழி இருக்க வேண்டும். சுவர்ப் பலகையைப் பசை போட்டு ஒட்டியிருந்தால், முதல் பழுது வரும்போதே அதை ஸ்க்ரூவுக்கு மாற்றிவிடுங்கள். இந்த ஒரு வேலைக்குச் செலவிடும் அரை நாள், பின்னால் பல நாட்களை மிச்சப்படுத்தும்.

கையோடு வைத்திருக்க வேண்டியவை: மல்டிமீட்டர் (வோல்டேஜையும் கரண்டையும் அளக்கும் கருவி), டார்ச், சாக்பீஸ், ஒரு பாட்டில் சோப்புத் தண்ணீர், கூரான பழைய ஸ்க்ரூ டிரைவர்.

காலையில் எழுந்தால் எங்கு தொட்டாலும் ஈரம்

இரவு மழை பெய்ததா என்று முதலில் யோசியுங்கள். மழை இல்லாமலே ஈரம் என்றால் அது உங்கள் மூச்சுதான். இரண்டு பேர் ஓர் இரவு உறங்கினால் மூச்சிலும் வியர்வையிலுமாக அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் காற்றில் சேர்கிறது. உள்ளேயே சமைத்தால் இன்னும் அதிகம். ஒரு கிலோ எல்.பி.ஜி. எரியும்போது ஏறக்குறைய 1.6 கிலோ நீராவி உண்டாகிறது. வாயுவிலிருக்கும் ஹைட்ரஜன் காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனோடு சேருவதால்தான் எடை இப்படிக் கூடுகிறது. அந்த நீராவி வண்டிக்குள் இருப்பதிலேயே குளிர்ந்த இடத்தைத் தேடிப் போய்ப் படியும். கண்ணாடியில் படிந்தால் துடைத்துவிடலாம். பலகைக்குப் பின்னால் தகட்டில் படிந்தால் நமக்குத் தெரியாது, துருவுக்குத் தெரியும்.

இதற்கு மருந்து காற்றோட்டம். ஒரே ஒரு திறப்பு போதாது. கீழே ஒன்று, மேலே ஒன்று வேண்டும். எதிரெதிர் ஜன்னல்களை இரண்டு விரற்கடை திறந்து வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். வெப்பத்தடுப்பு போட்டிருக்கிறேனே என்று சிலர் கேட்பார்கள். அது ஈரத்தை வெளியேற்றாது, தகட்டின் உள்முகம் சில்லிட்டுப் போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளும். தகட்டோடு இடைவெளி இல்லாமல் ஒட்டும், ஈரம் குடிக்காத மூடிய நுண்ணறை (closed cell) நுரைத்தாள்தான் வேனுக்கு நல்லது. பஞ்சு போன்றவை ஈரம் குடித்துக் கீழே சரிந்துவிடும். பளபளக்கும் அலுமினியத் தாளை ஒட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முன்னால் இரண்டு சென்டிமீட்டர் காற்று இடைவெளி இல்லாவிட்டால் அந்தப் பளபளப்பால் பயன் எதுவும் இல்லை. சுவர் முழுக்கப் பிளாஸ்டிக் தாள் போர்த்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. வளைவும் நெளிவுமான வேன் உடம்பில் அதை முழுமையாக அடைக்க முடியாது. பிறகு உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் போய்விடும்.

மெத்தையின் அடிப்பக்கம் மட்டும் நனைந்திருக்கிறதா? மெத்தை பலகைமேல் நேராகக் கிடக்கிறது என்று அர்த்தம். இடைவெளி விட்டு அடித்த மரச் சட்டங்கள்மேல் போடுங்கள். பகலில் ஒருமுறை தூக்கி நிறுத்துங்கள். அவ்வளவுதான்.

மழை பெய்தால் மட்டும் ஈரம் வருகிறது என்றால் அது கசிவு. சந்தேகப்பட வேண்டிய இடங்கள்: ஜன்னல் ரப்பர், கூரை ஓரத்து மழைநீர்க் காடியின் இணைப்பு, கூரையில் வைத்த காற்றுத்துளை, கேரியர் போல்ட்டுகள், தூக்குக் கூரை இருந்தால் அதன் துணி. கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். பலகையைக் கழற்றிவிட்டு, உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்காரட்டும். காய்ந்த தகட்டின்மேல் சாக்பீஸால் குறுக்குக் கோடுகள் போட்டு வையுங்கள். வெளியே இருப்பவர் ரப்பர் குழாயில் மெல்லிய நீரைக் கீழிருந்து மேலாகக் காட்ட வேண்டும், ஒவ்வொரு உயரத்திலும் ஐந்து நிமிடம். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து, எது வழியாக நுழைந்தது என்றே தெரியாமல் போகும். எந்தக் கோடு முதலில் அழிகிறதோ, அதற்கு நேர் மேலே பாருங்கள்.

ஜன்னல் ரப்பர் கல்லாக இறுகிப் போயிருந்தால் புதிது போடுவதுதான் வழி. அதன் மேலேயே சிலிகானைப் பூசுவதைப் பலரும் செய்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. தண்ணீர் வேறு வழி தேடிப் போகும், உள்ளே நின்றது வெளியேறவும் முடியாது. அதிலும் வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடுகிறது. பெயின்ட் போன வெறும் தகட்டை அது அரித்துவிடும். சிலிகான் பட்ட இடத்தில் அப்புறம் பெயின்ட்டும் பிடிக்காது. கூரைத் துளையின் விளிம்புக்கு பியூட்டைல் பட்டைதான் (பிசுபிசுப்பான ரப்பர் ஒட்டுப்பட்டை) என் தேர்வு. அது இறுகிப் போகாது, வண்டி அதிரும்போது கூடவே நெளிந்து கொடுக்கும்.

கசிவே இல்லாத கூரையில் துருப்புள்ளி வருவதும் உண்டு. என் வேனில் காற்றுத்துளைக்காகக் கூரையை வெட்டியபோது பறந்த இரும்புத்தூளை நான் சரியாகக் கூட்டி அள்ளவில்லை. ஒரே வாரத்தில் கூரை முழுக்க ஆரஞ்சு நிறப் புள்ளிகள். வெட்டும் முன் சுற்றிலும் துணி விரியுங்கள். வெட்டியபின் விளிம்பை அரத்தால் தேய்த்து, பிரைமரும் இரண்டு கை பெயின்ட்டும் கொடுத்த பிறகே மற்ற வேலை.

இன்னொரு விஷயம், இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய வேன்களின் கதவடியிலும் படிக்கட்டுப் பெட்டியிலும் சிறு வடிகால் துளைகள் இருக்கும். தண்ணீர் உள்ளே வரும், வந்தது வெளியேற வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் அந்த வண்டிகளைச் செய்தார்கள். அந்தப் பொந்துகளுக்குள் பீய்ச்சும் நுரையை நிரப்பிவிட்டால், நனைந்த பஞ்சைத் தகட்டோடு கட்டி வைத்ததற்குச் சமம். ஏற்கெனவே நிரப்பியிருந்தால் கம்பியால் குத்தியாவது துளைகளைத் திறந்துவிடுங்கள்.

ஓடும்போது சத்தம்

பாத்திரம், கரண்டி, கேஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள். சத்தம் போய்விட்டால் வேலை முடிந்தது. போகவில்லை என்றால் வேறொருவரை ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் பின்னால் இருக்கையில் உட்கார்ந்து கேளுங்கள். சத்தத்தின் தன்மையே பாதி விடை.

கிறீச் என்றால் மரமும் மரமும், அல்லது மரமும் தகடும் உரசுகின்றன. நடுவே கம்பளித்துணிப் பட்டையோ கார்க் பட்டையோ வையுங்கள். கடகடவென்றால் கீல், தாழ்ப்பாள் அல்லது தளர்ந்த ஸ்க்ரூ. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒருமுறை டொம் என்று கேட்டால் உடனே வண்டியை நிறுத்துங்கள். பேட்டரி, தண்ணீர்த் தொட்டி, சிலிண்டர் போன்ற கனமான ஏதோ ஒன்று கட்டவிழ்ந்திருக்கிறது.

ஸ்க்ரூக்கள் மீண்டும் மீண்டும் கழன்று வருவதற்குக் காரணம் உண்டு. வேனின் உடம்பு ஓடும்போது முறுக்கிக்கொள்ளும், பழைய வேன் இன்னும் கூடுதலாக. தரையிலும் சுவரிலும் ஏழெட்டு இடத்தில் இறுகப் பிணைத்த அலமாரி அந்த முறுக்கத்தோடு மல்லுக்கட்டும். சுவர்த் தகடோ ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனம்தான். தானே துளைத்து ஏறும் ஸ்க்ரூவின் ஒன்றிரண்டு புரிகள் மட்டுமே அதில் பிடிக்கும். துளை பெரிதாகிவிட்டால் அதைவிடத் தடித்த ஸ்க்ரூவைத் திணிக்காதீர்கள். அங்கே ரிவெட் நட்டு (மெல்லிய தகட்டிலேயே பிடித்துக்கொள்ளும் புரி உள்ள நட்டு) அடித்து, போல்ட் போடுங்கள். கனமான சாமான்களுக்குத் தரையைத் துளைத்துப் போகும் போல்ட்டும், அடியில் அகலமான இரும்புத் தட்டும், நைலான் வளையம் உள்ள நட்டும் வேண்டும். துளை போடும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பிரேக் குழாயும் பெட்ரோல் குழாயும் எங்கே போகின்றன என்று தெரியாமல் டிரில்லைத் தொடவே கூடாது.

வளைவில் இழுப்பறை திறந்து கொள்கிறது என்றால் காந்தத்தை நம்ப வேண்டாம். அழுத்தித் திறக்கும் பூட்டு போடுங்கள். அல்லது சற்றுத் தூக்கினால்தான் வெளியே வரும்படி முன்விளிம்பின் அடியில் ஒரு பள்ளம் வெட்டுங்கள்.

கட்டிலாக விரியும் இருக்கையில் ஓடும்போது யாராவது உட்கார்வார்களா? அப்படியானால் அதிலிருந்து வரும் சிறு ஆட்டத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். சீட் பெல்ட்டை பிளைவுட் பெட்டியில் மாட்டினால் அது பெல்ட் கணக்கில் சேராது. வண்டி உடம்பிலேயே வலுவூட்டிய இடத்தில்தான் அதன் பிடி இருக்க வேண்டும்.

கரண்ட்

எதையும் தொடும் முன் உங்கள் வண்டியைத் தெரிந்துகொள்ளுங்கள். ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேன் 1960-களின் நடுப்பகுதி வரை 6 வோல்ட்டில் ஓடியது, 1967-ஐ ஒட்டித்தான் 12 வோல்ட்டுக்கு வந்தது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் உடம்போடு எர்த் ஆகியிருக்கும். இது தெரியாமல் இன்றைய சார்ஜரையோ ரேடியோவையோ இணைத்தால் அதே நொடியில் கருகும்.

ஃபிரிட்ஜ் இரவில் நின்றுவிடுகிறதா? கம்ப்ரசர் ஓடும் நேரத்தில் பேட்டரி முனையில் ஒருமுறை, ஃபிரிட்ஜ் முனையில் ஒருமுறை வோல்டேஜ் பாருங்கள். இரண்டுக்கும் 0.3 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குற்றவாளி ஒயர். ஆறு மீட்டர் தூரம் என்றால் போக வர பன்னிரண்டு மீட்டர் செம்பு. 2.5 சதுர மி.மீ. ஒயரில் 5 ஆம்பியர் போனால் 0.4 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் இழுப்பு கூடும், இழப்பும் கூடும். 6 சதுர மி.மீ. ஒயர் போட்டால் அது 0.2-க்கும் கீழே இறங்கும்.

ஒயர் நன்றாக இருந்தால் பேட்டரியைப் பாருங்கள். லெட் ஆசிட் பேட்டரி சில மணி நேரம் ஓய்ந்திருக்கும்போது 12.7 வோல்ட் என்றால் முழுசு, 12.2 என்றால் பாதி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் கரையும். கணக்கு எளிது: 4 ஆம்பியர் இழுக்கும் ஃபிரிட்ஜ் நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடினால் 32 ஆம்பியர் மணி. 100 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம் என்றால் ஒன்றரை நாள் தாங்கும். வெயில் காலத்தில் அதுவும் குறையும்.

ஃபிரிட்ஜ் மூடிய அலமாரிக்குள் மூச்சுத் திணறிக்கொண்டும் இருக்கலாம். கீழே குளிர்காற்று நுழையவும், மேலே சூடு வெளியேறவும் துளை விடுங்கள். டான்ஃபாஸ், அதன் பின்வந்த செக்கோப் நிறுவனங்களின் பி.டி. (BD) வகைக் கம்ப்ரசர்களில் ஒரு சிறு எல்.இ.டி. இணைத்துக் கொள்ளலாம். அது ஒருமுறை மின்னினால் வோல்டேஜ் குறைவு, இருமுறை என்றால் விசிறி, மூன்று என்றால் மோட்டார் கிளம்பவில்லை, நான்கு என்றால் வேகம் எட்டவில்லை, ஐந்து என்றால் சூடு. இவ்வளவு தெளிவாகத் தன் நோயைத் தானே சொல்லும் சாமான் வேனுக்குள் வேறு எதுவும் இல்லை, எனவே அந்த விளக்கை மறைத்துப் பலகை அடிக்காதீர்கள். கேஸில் ஓடும் வகை ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்றால் முதலில் வண்டி மட்டமாக நிற்கிறதா என்று பாருங்கள். சரிவில் அதற்குள் திரவம் ஓடாது.

காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், வீட்டுச் சாமான்கள் ஸ்டார்ட்டர் பேட்டரியைக் குடித்திருக்கின்றன. வீட்டு பேட்டரியையும் ஸ்டார்ட்டர் பேட்டரியையும் பிரிக்கும் ரிலே (தானியங்கி ஸ்விட்ச்) இல்லை, அல்லது அது ஒட்டிக்கொண்டு விலக மறுக்கிறது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி நடுவில் மல்டிமீட்டரை ஆம்பியர் அளவில் இணையுங்கள். மின்னணுச் சாமான் எதுவும் இல்லாத பழைய வண்டியில் கடிகாரம் தவிர எதுவும் இழுக்கக் கூடாது. இழுத்தால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்த வழிதான். இந்த நிலையில் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும்.

நாள் முழுக்க ஓட்டியும் வீட்டு பேட்டரி நிறையவில்லையா? உங்கள் வண்டியில் ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ இருக்கக்கூடும். 12 வோல்ட் டைனமோ முழு வேகத்திலேயே 30 ஆம்பியரை ஒட்டித்தான் தரும், நின்றபடி ஓடும் எஞ்சினில் ஏறக்குறைய ஒன்றும் தராது. இரவில் ஹெட்லைட் போட்டால் மிச்சம் மிகக் கொஞ்சம். வோல்டேஜைப் பார்த்து இணையும் ரிலே இதனோடு சேர்ந்தால் டிக் டிக் என்று ஒட்டுவதும் விடுவதுமாக இருக்கும். டைனமோ வண்டிக்குக் கூரையில் சோலார் பலகையை முதன்மையாகவும், எஞ்சின் சார்ஜிங்கைத் துணையாகவும் வைப்பதே நிம்மதி. லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்கள் 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது.

பம்பு ஓடும்போது விளக்கு மங்குகிறது என்றால் எர்த் சரியில்லை. துருவும் பெயின்ட்டும் படிந்த உடம்பை நம்பாமல், ஒவ்வொரு சாமானுக்கும் தனி நெகட்டிவ் ஒயரைப் பேட்டரி வரை இழுப்பதே மேல். ஃப்யூஸ் திரும்பத் திரும்பப் போனால் பெரிய ஃப்யூஸ் போடாதீர்கள். ஃப்யூஸ் காப்பது ஒயரை. தகட்டுத் துளை வழியாகப் போகும் ஒயருக்கு ரப்பர் வளையம் இருக்கிறதா, தோல் உரிந்திருக்கிறதா என்று தேடுங்கள். அநேகமாக அங்கேதான் இருக்கும்.

தலைவலி, வாடை

விடியலில் தலைவலியும் குமட்டலுமாக எழுந்தால் காரணம் தேடுவது அப்புறம். முதலில் எல்லோரையும் வெளியே கூட்டி வாருங்கள், கதவுகளைத் திறந்து விடுங்கள். தலைசுற்றலோ குழப்பமோ இருந்தால் மருத்துவ உதவியைக் கூப்பிடுங்கள். சந்தேகப்பட வேண்டியது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவை. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட ஏறத்தாழ 200 மடங்கு இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அடுப்பைக் குளிர்காயப் பயன்படுத்தியிருக்கலாம். ஹீட்டரின் புகைக்குழாய் விலகியிருக்கலாம். ஓடும்போது மட்டும் தலைவலி என்றால், காற்றால் குளிரும் பின் எஞ்சின் வண்டிகளில் உள்ளே வெப்பம் தரும் பெட்டிகளைப் பாருங்கள். புகைக்குழாயைச் சுற்றி ஓடும் காற்றைத்தான் அவை உள்ளே அனுப்புகின்றன. துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் புகையே நேராகப் படுக்கையறைக்கு வரும். படுக்கும்போது தலை இருக்கும் உயரத்தில் ஓர் எச்சரிக்கைக் கருவி கட்டாயம் வேண்டும்.

கேஸ் வாடை என்றால் சிலிண்டரை மூடுங்கள், எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள், கதவைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தேங்கும். அதனால்தான் சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளிப்புறம் நோக்கிய துளை இருக்க வேண்டும், அந்தப் பெட்டிக்கும் உள்ளறைக்கும் நடுவே சந்தே இருக்கக் கூடாது. காற்றாடிய பிறகு சிலிண்டரைத் திறந்து, ஒவ்வோர் இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் பழக்கம் உயிரைக் குடிக்கும்.

பெட்ரோல் வாடைக்குக் காரணம் பெரும்பாலும் பழைய ரப்பர் குழாய்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரில் விரிசல் விழச் செய்யும். அலமாரிக்குப் பின்னால் மறைந்த டேங்க் வாய்க்குழாயையும் மறக்க வேண்டாம். எல்லாவற்றையும் இன்றைய பெட்ரோலுக்கேற்ற குழாயாக மாற்றுங்கள், புதிய கிளாம்புகளோடு.

தண்ணீர்

பம்பு ஓடுகிறது, தண்ணீர் துப்பித் துப்பி வருகிறது: உறிஞ்சும் பக்கத்தில் காற்று புகுகிறது. தொட்டிக்கும் பம்புக்கும் நடுவே உள்ள கிளாம்பை இறுக்குங்கள். குழாயை மூடியபின்னும் பம்பு அவ்வப்போது சிணுங்கினால் எங்கோ சொட்டுகிறது. தொட்டியில் பாசி என்றால் வெளிச்சம் படுகிறது, மூடி மறையுங்கள். சிங்கிலிருந்து நாற்றம் வந்தால் அதன் கீழ் வளைகுழாய் இல்லை.

வண்டி ஒரு பக்கம் சாய்கிறது, அல்லது ஸ்டீயரிங் மிதக்கிறது

முதலில் டயர் காற்று. பிறகு எடை மேடைக்குப் போங்கள். முழு வண்டியையும், முன் அச்சு பின் அச்சு தனித்தனியாகவும் நிறுத்துப் பாருங்கள், வண்டித் தகட்டில் பொறித்திருக்கும் வரம்போடு ஒப்பிடுங்கள். 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகை முழு ஷீட் ஒன்றே 40 கிலோவை ஒட்டி வரும். 12 மி.மீ. பிர்ச் பிளைவுட் 25 கிலோவுக்குள் அடங்கும், பாப்லர் இன்னும் இலகு. 60 லிட்டர் தண்ணீர் 60 கிலோ. தண்ணீர், பேட்டரி, அலமாரி மூன்றும் ஒரே பக்கம் சேர்ந்திருந்தால் சாயத்தான் செய்யும். கனமானதை இரண்டு அச்சுகளுக்கும் நடுவில், தரையை ஒட்டி வையுங்கள். பின் அச்சுக்கும் பின்னால் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தைக் கொஞ்சம் தூக்குகிறது, ஸ்டீயரிங் மிதப்பது அதனால்தான். எடையைச் சீராக்காமல் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவதில் பயனில்லை.

கூரைத் துணி தொங்குகிறது

வெயிலில் நிற்கும் கூரைத் தகடு 70 டிகிரியைத் தாண்டும். சாதாரண ஒட்டுப்பசை அதில் இளகிவிடும். உயர்வெப்பம் தாங்கும் பசை வாங்கி, பழைய பசையைச் சுரண்டிவிட்டு, இரண்டு முகத்திலும் தடவி, கையில் ஒட்டாத பதம் வந்தபின் ஒட்டுங்கள்.

தரை அமுங்குகிறது, பக்கக் கதவு திடீரென்று இறுகுகிறது

நேற்று வரை லேசாகச் சரிந்து மூடிய கதவு, சாமான் ஏற்றிய பிறகு மேலே உரசினால் உள்வேலையை அங்கேயே நிறுத்துங்கள். தரைவிரிப்பையும் பலகையையும் எடுத்துவிட்டு, கதவடி ஓரத்தையும் சக்கர வளைவைச் சுற்றியும் ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திக் குத்துங்கள். நல்ல தகடு கணீர் என்று எதிர்க்கும். மொறுமொறுவென்று உள்ளே போனால் அலமாரியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, வண்டியை வெல்டரிடம் ஓட்டிச் செல்லுங்கள். புதுத் தகடு ஏறி, பிரைமரும் அடிப்பூச்சும் காய்ந்த பிறகு, அதே அலமாரியை அதே போல்ட்டுகளில் மறுபடி மாட்டிக்கொள்ளலாம்.